மதியச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் போதாது: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும்,

வரும் ஜூன் மாதத்திலிருந்து நடைமுறைக்கு வரும் மாற்றங்கள் என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் நுழைவுத் தேர்வுக்கான அடிப்படை வகுப்பு தினமும் ஒரு பீரியட் கூடுதலாக வருகிறது. அதற்கு இடம் செய்ய மதிய இடைவேளை 40 நிமிடத்திலிருந்து 20 நிமிடமாகக் குறைகிறது. பள்ளி முழுவதற்கும் ஒரே மணி என்பதால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அதே 20 நிமிடம்தான். சாப்பாட்டு டப்பாவில் சிந்தாத, மணம் பரவாத உணவு மட்டும் இருக்க வேண்டும். குழம்பு, ரசம், முட்டை கூடாது. கேண்டீன் ஒப்பந்தம் மேலும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் ஐடி கார்டில் பணம் ஏற்றிவிட்டால் பிள்ளைகள் தாங்களே ஸ்நாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். நேரம் போதவில்லை, வகுப்பறை அழுக்காகிறது, சில்லறைக் காசுக்குச் சண்டை வருகிறது. ஆனால் இவை நான்கும் ஒரே பிள்ளையின் ஒரே மதியத்தில் வந்து சேர்கின்றன. வீட்டுச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட நேரம் இல்லை, கொண்டுவரவும் ஆயிரம் நிபந்தனை. பாக்கெட் வாங்கவோ காசுகூடக் கையில் வேண்டாம், கார்டைக் காட்டினால் போதும். இந்த ஏற்பாட்டில் ஒன்பது வயதுக் குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

என் மகன் ஏழாம் வகுப்பும் மகள் மூன்றாம் வகுப்பும் உங்களிடம் படிக்கிறார்கள். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் பள்ளி வேன் 7.30க்கு வந்துவிடும். அதற்குள் டிபன், இரண்டு டப்பா, இரண்டு தண்ணீர் பாட்டில் தயாராக வேண்டும். சாயங்காலம் நான் வீடு திரும்ப ஆறரை ஆகும். அதனால் வீட்டுச் சமையலின் சிரமம் தெரியாமல் யாரோ எழுதிய கடிதம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் பாக்கெட் உணவைக் குறைக்க நாங்கள் எடுத்துக்கொண்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் உங்கள் சுற்றறிக்கை எதைக் கலைக்கிறது என்பது புரியும்.

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகளுக்குப் பயங்கரப் பசி. கைக்கு எட்டுவது கிரீம் பிஸ்கட், சிப்ஸ், இரண்டு நிமிட நூடுல்ஸ். அதைத் தின்றபின் ராத்திரிச் சோறு இறங்காது. காலையில் எழுந்ததும் பால் மட்டும் போதும் என்பார்கள். "பாக்கெட்டே வாங்கக்கூடாது" என்று சட்டம் போட்டால் அழுகையும் ஒளித்து வாங்குவதும்தான் மிஞ்சும் என்பதால் அந்த வழிக்கே நாங்கள் போகவில்லை. முதலில் அந்த நாலரை மணிப் பசிக்கு வழி செய்தோம். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகள் வந்து பையை இறக்கும்போது வேகவைத்த நிலக்கடலையோ, பச்சைப்பயறுச் சுண்டலோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கோ, தையில் பனங்கிழங்கோ மேசைமேல் இருக்கும். யாரும் "சாப்பிடு" என்று சொல்வதில்லை. பசித்த பிள்ளை முன்னால் இருப்பதை எடுக்கும், அவ்வளவுதான். பிஸ்கட் டப்பா வீட்டில் இருந்தது, ஆனால் மேல் அலமாரியில். எதற்காகவோ ஏணி போட்டு ஏறுகிற பிள்ளையும் பசி அடங்கிவிட்டால் ஏறுவதில்லை.

அடுத்தது நூடுல்ஸ். அதைத்தான் விடவைப்பது கஷ்டம் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். அதன் வழவழப்பும் நீளமும்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த இரண்டும் நம் கொங்கு நாட்டுச் சந்தகையில் இருக்கிறதே! புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூட்டோடு அச்சில் பிழிகிற வேலையைப் பிள்ளைகளையே செய்யவிட்டோம். மகன் அச்சை அமுக்க, மகள் தட்டை நீட்ட, ஒரே ரகளை. ஒரு பாகத்துக்கு எலுமிச்சை தாளிப்பு, ஒரு பாகத்துக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். தன் கையால் பிழிந்ததை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. நூடுல்ஸ் ஒரே நாளில் போய்விடவில்லை. நடுவில் அதிலேயே கேரட், பீன்ஸ் நிறையப் போட்டு, மசாலாவைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தோம். பிறகு கேட்பதே குறைந்தது.

காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமை சம்பத் நகர் உழவர் சந்தை. ஆளுக்கு ஒரு காய் அவர்களே பொறுக்கிப் பேரம் பேசி வாங்க வேண்டும். பீர்க்கங்காயைப் பார்த்தாலே முகம் சுளித்த மகள், தான் வாங்கிய பீர்க்கங்காய் என்பதால் அதன் தோல் துவையலை முதலில் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு புதிய ருசியைக் குழந்தை ஏற்றுக்கொள்ள அது பலமுறை தட்டில் வந்தாக வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அது உண்மை. ஒருமுறை துப்பியதை வைத்து "அவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. என் அம்மா, "கண்ணு, ஒரு வாய் மட்டும் பாரு, பிடிக்கலைன்னா வெச்சிரு" என்பார். அந்த ஒரு வாய்க்கு மேல் வற்புறுத்தியதே இல்லை. ராகிக் களி இன்றுவரை இறங்கவில்லை. பரவாயில்லை, அதே ராகி புட்டாகவும் முருங்கைக்கீரை அடையாகவும் இறங்குகிறது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எலும்பு வளரும் வயதில் அது எந்த வடிவத்தில் உள்ளே போனால் என்ன?

பள்ளி டப்பாவுக்கு என்ன கட்டுவது என்பது தனிக் கலை. காலை ஏழேகாலுக்கு மூடிய டப்பா பகல் 12.40க்குத் திறக்கப்படும்வரை கெடாமல், கட்டிதட்டாமல், குழந்தையின் கைக்கு வசமாக இருக்க வேண்டும். தயிர்சாதம் புளிக்காமல் இருக்கப் பாலை அதிகமாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்க்க வேண்டும். இட்லியில் மிளகாய்ப்பொடியையும் நல்லெண்ணெயையும் முன்பே தடவிவிட்டால் விறைக்காது. எங்கள் பிள்ளைகளின் முதல் விருப்பம் அரிசிம்பருப்பு சாதம். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, கொஞ்சம் தேங்காய், இறக்கும்போது நெய். தொட்டுக்கொள்ள ஒரு அவித்த முட்டையோ கத்தரிக்காய் வதக்கலோ போதும். ஒரே பாத்திரத்தில், அரை மணி நேரத்தில், வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் ஆணும் செய்துவிடக்கூடியது.

இனி உங்கள் பள்ளியில் அந்த டப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

12.40க்கு மணி அடிக்கும். ஆசிரியர் பாடத்தை முடிக்கக் கொஞ்சம் பிந்துவார். கை கழுவ வேண்டும். தொடக்கப் பிரிவுக் கட்டிடத்தில் நான்கு குழாய்கள்தான் இருக்கின்றன, அவற்றிலும் எல்லாம் எப்போதும் வருவதில்லை. வரிசையில் நின்று திரும்பி, டப்பாவின் இறுகிய மூடியைத் திறக்க ஆயாம்மாவையோ தோழியையோ கூப்பிட்டு, முதல் வாய் வைக்கும்போது பத்து நிமிடம் ஓடியிருக்கும். இப்போதைய 40 நிமிடத்திலேயே சின்னப் பிள்ளைகளின் டப்பா பல நாள் பாதியோடு வீட்டுக்குத் திரும்புகிறது. சோற்றை மென்று தின்ன நேரம் ஆகும். பப்ஸை நடந்துகொண்டே தின்றுவிடலாம். இதை 20 நிமிடமாக்கினால் சாப்பாட்டுக்கு என்று நிஜமாக மிஞ்சுவது எவ்வளவு?

மதியம் பாதி வயிறு என்றால் மூன்றரை மணிக்குப் பள்ளி விடும்போது கண் இருட்டும் பசி. வாசலில் கேண்டீன். சாயங்காலச் சுண்டலுக்கு வீட்டில் காத்திருக்கும் பாட்டி அங்கே தோற்றுப்போகிறார். நாங்கள் பொறுமையாக மாற்றிய பழக்கத்தை வேனில் ஏறுவதற்கு முந்திய அந்தச் சில நிமிடங்கள் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகின்றன. பிள்ளைக்கு நாக்கு நீளம் என்றோ அம்மாவுக்குக் கண்டிப்பு போதாது என்றோ இதற்குக் காரணம் சொல்ல முடியாது. மணி எப்போது அடிக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறதா, கடையில் என்ன அடுக்கியிருக்கிறது என்பவை முடிவு செய்கிற விஷயம் இது. மூன்றும் உங்கள் கையில் இருப்பவை.

"மணம் பரவாத உணவு" என்ற நிபந்தனை என்னை மிகவும் வருத்தியது. கடுகு தாளித்தால் மணம் வரும். பூண்டும் பெருங்காயமும் ரசப்பொடியும் மணக்கும். கொள்ளுப்பருப்பு கடைந்தால் தெருவுக்கே தெரியும். நம் சமையலில் மணம் இல்லாதது எது? யோசித்துப் பாருங்கள்: உங்கள் நிபந்தனைக்குச் சுலபமாகப் பொருந்துவது ஜாம் தடவிய ரொட்டியும் பிஸ்கட்டும்தான்.

சென்ற கல்வியாண்டில் என் மகள் அவித்த முட்டை கொண்டுபோன ஒரு நாள், "நாற்றம் அடிக்குது, டப்பாவை மூடு" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டாள். யார் சொன்னார்கள் என்பது எனக்கு முக்கியம் இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டிலும் முட்டை தொடுவதில்லை. தன் வீட்டுச் சாப்பாடு வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று எட்டு வயதில் அவளுக்குப் பதிந்துவிட்டது. அதை மாற்ற எந்தச் சமையல் குறிப்பும் எங்களுக்கு உதவவில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்கு நல்ல புரதம் இருக்கிறது. இதே ஈரோட்டில் அரசுப் பள்ளிச் சத்துணவில் பள்ளி நாட்களில் தினமும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறார்கள். சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாரும் யாரையும் புண்படுத்தாமல் ஒரே கூடத்தில் இது நடக்கிறது. சைவக் குடும்பங்களின் உணர்வை நானும் மதிக்கிறேன். ஒருவர் டப்பாவில் இருப்பதை இன்னொருவர் சாப்பிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே.

தமிழ்நாட்டில் பள்ளிக்கும் சோற்றுக்கும் நூறு ஆண்டு உறவு. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். 1956இல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் சுமார் 31,000 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அங்கே உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறி சாம்பாரோடு சுடச்சுடக் கிடைக்கின்றன. பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த மண் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. வருடத்துக்கு ஒரு பெருந்தொகையைக் கட்டணமாக வாங்கும் நம் பள்ளி ஒரு குழந்தைக்கு உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தைக்கூட மறுப்பது எனக்குப் புரியவில்லை.

அடுத்து, கேண்டீன். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கப் நூடுல்ஸ், பப்ஸ், டெட்ரா பாக்கெட்டில் மாம்பழ ஜூஸ், கோலா. உங்கள் கேண்டீன் அலமாரியில் நான் பார்த்தவை இவை. பழம் என்று ஒன்றுகூட இல்லை. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 25 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 1,700 கலோரி தேவைப்படும் எட்டு வயதுக் குழந்தையின் உணவில் சேர்க்கப்பட்ட சர்க்கரை அன்றாட கலோரியில் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்றால், கணக்குப்படி அது 21 கிராம்தான். ஒரே பாட்டிலில் அன்றைய அளவு தாண்டிவிடுகிறது. இதோடு காலைப் பாலில் போட்ட சர்க்கரை வேறு.

இது என் சொந்தக் கருத்து என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் குழந்தைகளின் உணவுக்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. நிறைவுற்ற கொழுப்போ, டிரான்ஸ் கொழுப்போ, சேர்க்கப்பட்ட சர்க்கரையோ, சோடியமோ அதிகம் உள்ள உணவைப் பள்ளிக் கேண்டீனிலும், விடுதிச் சமையலறையிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்பது அதன் மையம். விற்பது மட்டும் இல்லை, இலவசமாகக் கொடுப்பதும் விளம்பரம் செய்வதும்கூடக் கூடாது. இதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையை வாசலில் வைக்க வேண்டியது பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. நம் பள்ளி வாசலில் அப்படி ஒரு பலகையை நான் பார்க்கவில்லை. கேண்டீனோ வாசலுக்கு உள்ளேயே இருக்கிறது.

சரி, சென்ற விளையாட்டு விழாவையும் பேசிவிடுவோம். பிள்ளைகள் ஓடி முடித்த மைதானத்தில் ஒரு மால்ட் பானக் கம்பெனியின் பெயர் போட்ட கொடிகள், தொப்பிகள், கையில் ஆளுக்கு ஒரு இலவச சாஷே. இது அதே ஒழுங்குமுறைகளுக்கு நேர் விரோதம். இந்த மாதிரிப் பொடிகளை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின்கீழ் விற்கக்கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கே சொல்லிவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. இணையக் கடை எடுத்துவிட்ட பெயரை நம் பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அன்று ராத்திரி என் மகன், "மிஸ்ஸே குடுத்தாங்கம்மா, நல்லதுதானே?" என்று கேட்டான். ஆசிரியர் கையால் வாங்கியதைக் கெடுதல் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சர்க்கரை விழிப்புணர்வுப் பலகை வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் அன்றாட கலோரியில் 13 சதவீதத்தையும், 11 முதல் 18 வயதினர் 15 சதவீதத்தையும் சர்க்கரையிலிருந்து பெறுகிறார்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. நீங்களும் பலகை வைத்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அது அலுவலக வரவேற்பறையில் இருக்கிறது. பிள்ளைகள் கூடுவது கேண்டீன் முன்னால். பலகையில் எழுதியதற்கும் பத்தடி தள்ளி விற்பதற்கும் பொருத்தம் இல்லாவிட்டால் பிள்ளைகள் கடையைத்தான் நம்புவார்கள்.

பள்ளி வயதினரில் உடல் பருமன் உள்ளவர்கள் எடை குறைந்தவர்களைவிட அதிகமாகிவிட்டார்கள், உலக அளவில் இப்படி ஆவது இதுவே முதல்முறை என்று யுனிசெஃப் 2025இல் சொன்னது. நம் நாட்டில் இரண்டு கஷ்டமும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எடை மிகுந்தவர்களின் பங்கு முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்து 3.4 ஆனது. பாக்கெட் உணவு வயிற்றை நிரப்பிவிடும். இரும்புச்சத்தும் புரதமும் வராது. அதனால் குண்டாகத் தெரியும் பிள்ளைக்கும் ரத்தம் குறைவாக இருக்கலாம்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய ஒரு காரணம் நியாயமானது, அதை ஒதுக்க மாட்டேன். வேலைக்குப் போகும் பெற்றோர் பலர், தினமும் சமைத்துக் கட்ட எல்லோராலும் முடியாது, கேண்டீன் அவர்களுக்கு ஒரு வசதி. உண்மைதான். எங்கள் வீட்டில் என் அம்மா இருக்கிறார். எல்லார் வீட்டிலும் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) இல்லை. அதனால்தான் கேண்டீனை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கேண்டீனில் இட்லியும் தக்காளிச் சாதமும் சுண்டலும் மோரும் பூவன்பழமும் இருந்தால் முதலில் பயன்பெறுவது சமைக்க நேரமில்லாத அந்தக் குடும்பங்கள்தான். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் பப்ஸைத் தவிர வேறு வழியே இல்லாமல் இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் ஏன் இவற்றை விற்பதில்லை என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுண்டல் அன்றே விற்றாக வேண்டும், சாயங்காலம் மிஞ்சினால் நஷ்டம். ஊறவைக்க, வேகவைக்க, தாளிக்க ஆள் வேண்டும். பாக்கெட்டுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. மாதக் கணக்கில் கெடாது, கம்பெனி வண்டியே வந்து அடுக்கிவிட்டுப் போகும், குளிர்பெட்டியும் அவர்களே தருவார்கள். கேண்டீனுக்கு நீங்கள் வாங்கும் மாத வாடகையை ஏற்ற ஏற்ற, அவர் பாக்கெட்டின் பக்கம்தான் சாய்வார். வாடகையைக் குறைத்தால் சமைத்த உணவு விற்பது அவருக்குக் கட்டுபடியாகும். இந்த ஒரு முடிவை எடுக்க அரசாணை எதுவும் தேவையில்லை.

பெற்றோர் பலரும் இதே மனநிலையில்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் குழுவில் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது என்று நீங்கள் நிரூபிப்பீர்கள் என நம்பித்தான் நான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

மதிய இடைவேளையை 20 நிமிடமாகக் குறைக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். ஐந்தாம் வகுப்புவரை கை கழுவும் நேரம் போக முழுதாக 30 நிமிடம் சாப்பாட்டுக்கு இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு வகுப்பு அவசியம் என்றால் அதை வேறு நேரத்தில் வையுங்கள். தேர்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கும் பிள்ளையின் சோற்று நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். தொடக்கப் பிரிவில் கூடுதல் குழாய்கள் போட்டு, இருப்பவற்றையும் பழுது பாருங்கள். சாப்பிடும் நேரத்தில் மூடி திறந்துவிடவும் தண்ணீர் ஊற்றவும் ஒரு ஆயாம்மாவை நியமியுங்கள்.

சிந்தாத, மணம் பரவாத உணவு என்ற நிபந்தனையையும் முட்டைக்குத் தடையையும் நீக்குங்கள். தரை அழுக்காகிறது என்பதுதான் கவலை என்றால், மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் வேப்பமர நிழலில் பாய் விரித்துச் சாப்பிட அனுமதியுங்கள். இடம் துடைக்கப் பெற்றோர் முறைவைத்து வரவும் தயார், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளையின் டப்பாவைப் பற்றியும் யாரும் வகுப்பில் கேலியாகப் பேசக்கூடாது என்று ஆசிரியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேண்டீன் ஒப்பந்த நீட்டிப்பை நிறுத்திவையுங்கள். 2020 ஒழுங்குமுறைகளுக்குள் வரும் பொருட்கள் எவை, வராதவை எவை என்று பட்டியல் போட்டுப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, வராதவற்றை ஜூன் முதல் நாளிலிருந்தே அலமாரியிலிருந்து எடுங்கள். புதிய ஒப்பந்தத்தை வாடகை குறைத்து, சமைத்த உணவும் பழமும் மட்டும் என்ற நிபந்தனையோடு, உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள். அதுவரை ஐடி கார்டில் பணம் ஏற்றும் திட்டம் வேண்டாம். சர்க்கரைப் பலகையைக் கேண்டீன் முன்னால் மாற்றுங்கள்.

உணவுக் கம்பெனிகளின் இலவச சாஷேயும், கொடியும், பரிசுப் பையும் இனி பள்ளிக்குள் வரக்கூடாது. விளையாட்டு விழாச் செலவுக்குப் பணம் போதாவிட்டால் பெற்றோரிடம் கேளுங்கள், தருகிறோம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் சாக்லேட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் கொடுக்கும் வழக்கத்துக்குப் பதில், கடலை உருண்டையோ ஒரு பழமோ, வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகமோ கொடுக்கலாம் என்று அடுத்த சுற்றறிக்கையில் சேருங்கள்.

இந்தக் கோரிக்கைகளைப் பேச, பள்ளி திறப்பதற்கு முன் ஒரு பெற்றோர் கூட்டம் கூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுத்தில் பதில் தர வேண்டும். கேண்டீன் பற்றிய பதில் மே மாத இறுதிக்குள் வராவிட்டால், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் இதே கடிதத்தையும் கேண்டீன் அலமாரியின் படங்களையும் சேர்த்து மனுவாகக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகளின் அம்மா,
ஈரோடு